அரிசி மூட்டை வந்தது, தட்டு வரவில்லை

மட்டாஞ்சேரி,
2003 ஜூலை, செவ்வாய்க்கிழமை.
விடிந்ததிலிருந்து மழை.

சங்கரன்கோவில் நல்லசிவம் மெஸ் உரிமையாளரும் என் மதிப்புக்குரிய மைத்துனருமான நல்லசிவம் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை காளியம்மையின் கணவனும் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிப்பவனுமாகிய ராமர் பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் காளியம்மையும் தங்கள் மருமகள் ஜிஷாவும் நலம். அங்கே தாங்களும், பாக்கியலக்ஷ்மி அக்காவும், கடையில் இலை போடுகிறவர்கள் முதல் மாவாட்டுகிறவர்கள் வரை அனைவரும், கல்லாவுக்கு மேலே மாலை போட்டிருக்கும் மாமனார் அவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மச்சான், நான் மேலே எழுதிய நலம் எல்லாரும் கடிதத்தில் சும்மா போட்டுவைக்கிற நலம் இல்லை. அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள். காலையில் இட்லி சாப்பிட்டு, மத்தியானம் சோறும் அயிலைக் குழம்பும் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே எழுதிய நலம் அது.

தாங்கள் எலுமிச்சம்பழ லாரியில் ஏற்றிவிட்ட அரிசி மூட்டை போன வாரம் வந்து சேர்ந்தது. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்பாசிடர் கார் பிடித்து வந்து ஜிஷாவைக் கையோடு கூட்டிப்போய்ச் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாக லாரி டிரைவரிடம் தாங்கள் சொல்லியனுப்பிய செய்தியும் அதே லாரியில் வந்து சேர்ந்தது. அரிசியையாவது திருப்பி அனுப்பிவிடலாம். செய்தியை எப்படித் திருப்பி அனுப்புவது? அதற்குத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கல்லாவில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்காமல், உள்ளே போய் ஒரு முறை முழுக்கப் படிக்கவும்.

எல்லாம் அந்த டெலிபோனில் ஆரம்பித்தது. தாங்கள் பக்கத்துத் தையல்கடை ரஜிதா சேச்சியின் நம்பருக்குக் கூப்பிட்டீர்கள். ஜிஷா ஓடிப்போய் எடுத்தாள். நான் குடையோடு வாசலில் நின்றேன். தாங்கள் கேட்டது என் காதில் விழவில்லை, அவள் சொன்னது மட்டும் விழுந்தது.

"சுகமாணு மாமா. உச்சைக்குக் கஞ்சியாணு. டெய்லியும் கஞ்சி. வரிசையில நிக்கணும். இப்ப எனக்குத் தட்டு இல்ல மாமா. கூட்டுக்காரி குடிச்சிட்டுக் கழுவித் தரும், அதுலயாணு நான் குடிக்கிறது. மாமா எனக்கு ஒரு தட்டு தருமோ?"

அதற்கப்புறம் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றாள். "லைன் கட்டாயி" என்று ரஜிதா சேச்சி ரிசீவரை வாங்கி வைத்துவிட்டார். லைன் கட் ஆகவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை வாடிக்கையாளர்கள் முன்னாலும் தாங்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதீர்கள் என்பது லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது முறை ரசம் கேட்டவர்கூட வேண்டாம் என்று எழுந்துவிட்டாராம்.

மச்சான், அவள் சொன்ன உச்சை மத்தியானம், கூட்டுக்காரி அவள் தோழி, கஞ்சி பள்ளிக்கூடக் கஞ்சி. அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மத்தியானம் இலவசமாகப் போடுகிறது. அங்கே சத்துணவு என்று சோறும் சாம்பாரும் போடுகிறார்கள் இல்லையா, அதே காரியத்துக்கு இங்கே கஞ்சியும் பயறும். வேண்டும் என்கிற பிள்ளை வீட்டிலிருந்து தட்டு கொண்டுபோய் வரிசையில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை அவள் சொன்ன மாதிரியே கேட்டால் எனக்கே அழுகை வரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் மனசு எனக்குத் தெரியாதா? நம் ஊரில் தறி நின்றுபோனால்தான் கஞ்சித்தொட்டி திறப்பார்கள். காய்ச்சல்காரன் குடிப்பான், கதியில்லாதவன் குடிப்பான். ஒருவனைக் 'கஞ்சிக்கு நிக்கான்' என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பெண் கிடைக்காது. தாங்கள் எனக்கு ஏற்கனவே பெண் கொடுத்துவிட்டீர்கள், அது வேறு விஷயம். அதிலும் ஊருக்கே சோறு போடுகிற மெஸ்காரரின் மருமகள் கையில் தட்டுக்கூட இல்லாமல் கஞ்சிக்கு நிற்கிறாள் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் இங்கே கஞ்சிக்கு அந்த மாதிரிப் பேர் கிடையாது. கொச்சங்காடியில் மிளகு குடோன் வைத்திருக்கும் ஒரு முதலாளி வீட்டுக்கு மருந்தடிக்கப் போனேன். வாசலில் இரண்டு கார் நிற்கிறது. மனிதர் பலா இலையைக் கோட்டிக் கரண்டி மாதிரி செய்து, அதில் கஞ்சியை மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் நம் ஊர்க் கௌரவத்தை நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார்.

இதையெல்லாம் டெலிபோனிலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தாங்கள் கேட்கவில்லை. நேராக மூட்டையைக் கட்டிவிட்டீர்கள். அது மட்டுமா? தாங்கள் எதைக் கொடுத்தாலும் பேர் போட்டுக் கொடுப்பவர். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கொடுத்த சுவர்க் கடிகாரத்தில் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் தங்கள் பேர்தான் இருக்கிறது, முள் அங்கே போய்விட்டால் ரஜிதா சேச்சியைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் மூட்டையிலும் சிவப்பு மையில் 'காளியம்மை குடும்பத்தின் பசிப்பிணி நீங்க, அன்பளிப்பு: நல்லசிவம் மெஸ்' என்று எழுதிவிட்டீர்கள். இங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, தப்பித்தோம் என்று நினைத்தேன். டிரைவர் உரக்கப் படித்துவிட்டான்.

அவன் படித்ததற்கும் காரணம் உண்டு. ஒரே ஒரு மூட்டை, நானே தூக்கி உள்ளே வைத்திருப்பேன். ஆனால் இங்கே லாரியிலிருந்து தெருவில் எது இறங்கினாலும் யூனியன் சுமட்டுக்காரர்கள்தான் இறக்க வேண்டும், அதுதான் முறை. நீலச் சட்டையும் தலைக்கட்டுமாக அஜீஷும் அவர் ஆட்களும் வந்து நின்றார்கள். இந்த அஜீஷ், சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு வந்த பீரோவை இறக்கியதற்கே தன் அப்பாவிடம் கூலி கேட்டு வாங்கியவர் என்று பேர் எடுத்தவர். "எந்தா சாதனம்?" என்று, சரக்கு என்னவென்று கேட்டார். டிரைவர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்கினான்.

"அரிசி சேட்டா. இவங்க வீடு பட்டினி. கொச்சுப் பிள்ள கஞ்சிக்கு நிக்குது. தட்டுகூட இல்ல. பாவம்."

அஜீஷ் தலைக்கட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். மூட்டையைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து, கோயிலில் வைக்கிற பதவிசோடு எங்கள் அடுப்படியில் வைத்தார். வாழைத்தார், வடகம், யாரோ கட்டிப் பழசான வேட்டிகள், ஒரு கம்பளிப் போர்வை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கூலியை நீட்டினேன். "வேண்டா சேட்டா" என்று என் கையை மூடி, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அங்கேதான் எங்கள் மானம் போனது, மச்சான். டிரைவர் சொன்னதைக்கூடத் தெரு நம்பியிருக்காது. அஜீஷ் கூலி வாங்கவில்லை என்றதும் நம்பிவிட்டது.

பொழுது சாய்வதற்குள் ரஜிதா சேச்சி புட்டும் கடலையும் கொண்டுவந்தார். எதிர்வீட்டிலிருந்து அரிசிப் பத்திரியும் இறைச்சிக் கறியும் வந்தது. தெருக்கோடியிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வந்தது. காளியம்மை வாசலை மறித்து நின்றுகொண்டு, "நாங்க சாப்ட்டாச்சு சேச்சி, நெஜமாவே சாப்ட்டாச்சு" என்று சொல்லச் சொல்ல, வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு ரோஷமான பெண் என்று பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். சாட்சிக்கு நான் ஒரு ஏப்பம் விட்டுக் காட்டினேன். வெறும் வயிற்றில் வாயு ஏறினால் அப்படித்தான் வரும் என்று இஞ்சி கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து இரண்டு நாள் நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை எங்கள் கல்யாணத்தில்கூடச் சாப்பிடவில்லை. தங்கள் ஏற்பாட்டைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

செய்தி பள்ளிக்கூடத்துக்கும் போனது. பெரிய டீச்சர் கமலாக்ஷி டீச்சர் ரொம்ப நல்லவர். ஜிஷா தினமும் கஞ்சியை மூன்று தடவை வாங்கிக் குடிப்பதைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குக் கஞ்சி பிடித்திருக்கிறது என்று இத்தனை நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறார். இப்போது, ஐயோ, வீட்டில் இல்லாத கொடுமைதானா என்று உருகிப்போய், சமையல்கார விசாலாக்ஷி சேச்சியிடம் சொல்லி, தோழி தட்டைக் கழுவித் தந்ததும் ஜிஷாவை வரிசையில் நிறுத்தாமல் நேரே கூப்பிட்டு ஊற்றச் சொல்லிவிட்டார். பயறு இரண்டு கரண்டி. ஜிஷாவுக்குப் பரம சந்தோஷம். "மாமா போன் பண்ணுனது நல்லதாயி" என்கிறாள்.

காளியம்மைக்குத்தான் பொறுக்கவில்லை. "என் கையால ஆக்கிப் போட்டு வளத்த பிள்ளைய ஊரே பாவம்னு பாக்குதே. இனிமே கஞ்சியும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம்" என்று மறுநாளே நல்லெண்ணெய் ஊற்றிப் புளியோதரை கிளறி, டிபன் பெட்டியில் அழுத்தி அழுத்தி வைத்துக் கொடுத்தனுப்பினாள். பெட்டி காலியாக வந்தது. அடுத்த நாள் இன்னும் பெரிய பெட்டி. அதுவும் காலி. "பாத்தீரா? அம்மா கை ருசி தெரியாத பிள்ளை உண்டா?" என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டு, காளியம்மை அன்றைக்கு எனக்கு ஒரு மீன் அதிகமாக வைத்தாள்.

நேற்றுச் சந்தையில் விசாலாக்ஷி சேச்சி எதிரே வந்து காளியம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார். "மோளே, நின்ற புளிச்சோறு கலக்கி! டீச்சர்மாருக்கெல்லாம் இஷ்டப்பட்டு. நாளைக்குக் கொறச்சு கூடுதல் வெக்கணே."

"டீச்சர்மாருக்கா? அப்ப எங்க பிள்ள?"

"அவளோ? அவள் கஞ்சிதன்னே. மூணு பிராவசியம்" என்று கையால் மூன்று தடவை மொண்டு குடித்துக் காட்டினார்.

காளியம்மை மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். ஜிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நிறுத்திவைத்துக் கேட்டாள். "ஏட்டி, அம்மா சோத்துல என்ன கொற? உப்பா, உறைப்பா? சொல்லு."

ஜிஷா பயப்படவே இல்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "கொறயொண்ணும் இல்லம்மா. பெட்டிச் சோறுன்னா நான் ஒத்தைக்குத்தான உக்காந்து உண்ணணும்? கஞ்சிக்கு வரிசையில எல்லாரும் உண்டு."

காளியம்மை அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மருந்தடிக்கிற பம்பை எடுத்துவைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவளுக்குக் கூடப்பிறந்தது ஒன்று இல்லையே என்றுதான் எங்கள் இருவருக்கும் நினைப்பு.

மச்சான், இதற்கு மேல் வளைத்து எழுத எனக்குத் தெரியாது. அவளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு, எனக்குத் தெரியும். ஆனால் சாயங்காலம் நான் மருந்து நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கொசு அப்பா வந்நு" என்று கத்துவதற்கு ஒருத்தி வேண்டும். அவள் இல்லாவிட்டால் நானும் தங்கள் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டு முகமும் அதற்கு ஏற்ற முகம் இல்லை.

ஜிஷாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை, அங்கே வந்தால் கற்றுக்கொள்வாள் என்றும் டிரைவரிடம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அது உண்மைதான். நான் சிலேட்டை எடுத்து உட்காரவைத்தால் ஓடிவிடுகிறாள். பிடித்து உட்காரவைத்தால் கொஞ்ச நேரத்தில் அவள் எனக்கு மலையாளம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறாள். அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

அடுத்த விஷயம் தட்டு. அவளுடைய பழைய தட்டு எப்படிப் போனது என்பது இங்கே முக்கியமில்லை. கொசு மருந்து வாளிக்கு மூடி இல்லாமல் ஒருவன் அவசரத்துக்கு ஒரு தட்டை எடுத்து மூடிவிட்டால், அந்த நாற்றம் புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கடையில் வேறு தட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். கேட்க மாட்டேன் என்கிறாள். "மாமா தரும்" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். மூட்டை வந்த அன்றைக்கு வாழைத்தாரைத் தூக்கிப் பார்த்தாள், வேட்டிகளை உதறிப் பார்த்தாள், போர்வைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். மச்சான், ஊரில் உள்ளதையெல்லாம் அனுப்பினீர்கள், பிள்ளை வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று, அதை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் கல்யாணத்துக்குத் தாங்கள் சீராகக் கொடுத்த ஆறு எவர்சில்வர் தட்டுகள் பரண்மேல் இருக்கின்றன. விளிம்பு உயரமான தட்டு, கஞ்சிக்கென்றே செய்த மாதிரி இருக்கும். எல்லாரும் ஓரத்தில் பேர் வெட்டுவார்கள், தாங்கள் நட்டநடுவில் பெரிதாக 'நல்லசிவம்' என்று வெட்டிக் கொடுத்தீர்கள். அதில் ஒன்றை எடுத்துக் கொடேன் என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். காளியம்மை ஆடிவிட்டாள். "எங்க அண்ணன் பேரு வெட்டுன தட்டைக் கொண்டுபோயி கஞ்சி வரிசையில ஏந்தவா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!" ஆகவே தங்கள் பேர் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. ஒரு சொட்டுக் கஞ்சி அதன்மேல் படாது. இதற்கு நான் உத்தரவாதம்.

அரிசி மூட்டையைப் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை திரும்பும் லாரியில் அப்படியே ஏற்றிவிடுகிறேன், அஜீஷ் சம்மதித்தால். கார் பிடித்து வர வேண்டாம். சங்கரன்கோவிலில் யாராவது கேட்டால், என் தங்கை வீட்டில் எல்லாரும் கொழுத்துப் போயிருக்கிறார்கள் என்று என் பேரைச் சொல்லியே சொல்லலாம். பாக்கியலக்ஷ்மி அக்காவுக்கு என் வணக்கம். வடகம் நன்றாக இருந்தது, அதை மட்டும் பிரித்துவிட்டோம். கோமதியம்மன் சன்னிதிக்குப் போகும்போது எங்கள் மூவர் பேரையும் சொல்லவும். கடையில் கூட்டமும் அடுப்பில் நெருப்பும் குறையாமல் இருக்க வேண்டும்.

தங்கள் ஆசியை மட்டும் கேட்கும், அரிசி கேட்காத,
ராமர்

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை, மத்தியானம். மழையில் கடிதத்தைப் பெட்டியில் போட முடியவில்லை. அதுவும் நல்லதுதான். இதைப் பள்ளிக்கூட வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் தாங்கள் முதலில் அடிக்க வேண்டியது, மூட்டையைத் திருப்பி அனுப்புகிறேன் என்ற வரியை.

பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டிய அரிசி மழையால் எங்கோ வழியில் நின்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கமலாக்ஷி டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "ராமரே, நாளைக்குக் கஞ்சி வைக்க அரியில்ல. நிங்கள்டெ வீட்டில ஒரு சாக்கு உண்டெந்நு கேட்டு. கடமாயிட்டு தருமோ?" என்றார். பட்டினி வீடு என்று ஊரே சொல்கிற வீட்டில் வந்து கடன் கேட்கிறோமே என்று பாவம் அவருக்கே கூச்சமாகப் போயிற்று. இது மைத்துனரின் மூட்டை, கௌரவப் பிரச்சினை, எழுதிக் கேட்க வேண்டும் என்று நான் தொடங்கினேன். அதற்குள் காளியம்மை மூட்டையின் காதைப் பிடித்து வாசல்வரை இழுத்துவந்துவிட்டாள். "பிள்ளைகளுக்குத்தானே? எங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாவ." காலையில் அஜீஷ்தான் தூக்கிவந்தார். இந்தத் தடவையும் கூலி வாங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டென்றால் சட்டப்படி வாங்குவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கள் மெஸ் பொன்னி அரிசி, சோற்றுக்கு மல்லிகைப்பூதான். விசாலாக்ஷி சேச்சி வழக்கம்போல இந்த ஊர் முரட்டு அரிசியை வேகவைக்கிற மாதிரி வேகவைத்ததில் முதல் அண்டா குழைந்து கூழாகி, கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. "இது போஸ்டர் ஒட்டான் கொள்ளாம்" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். புளியோதரை விஷயத்தில் சண்டை பிடிக்கலாம் என்று வந்து நின்றுகொண்டிருந்த தங்கள் தங்கை, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கரண்டியை வாங்கினாள். இரண்டாவது அண்டா பதமாக இறங்கியது. முதல் அண்டாவையும் வெந்நீர் விட்டுக் கலக்கித் தேங்காய்ப்பால் ஊற்றித் தேற்றிவிட்டாள். சண்டை நடக்கவில்லை.

அப்புறம் அவளே ஊற்றினாள். ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. மீன்காரர் மகள், டாக்ஸிக்காரர் மகன், நான் சொன்னேனே அந்த மிளகு முதலாளி, அவருடைய குடோன் கணக்கப்பிள்ளையின் பேத்திகூட வந்தாள். எல்லாருக்கும் ஊற்றி முடித்து நிமிர்ந்தபோது, தன் பிள்ளை கையை வெறுமனே தொங்கவிட்டுக்கொண்டு, தோழி எப்போது குடித்து முடிப்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கேள்விப்படுவது வேறு, பார்ப்பது வேறு, மச்சான். கரண்டியை என் கையில் திணித்துவிட்டு மழையோடு வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது இடுப்பில் செய்தித்தாள் சுற்றிய ஆறு தட்டு. 'உசுரோட இருக்கிற வரைக்கும்' என்று சொன்னவள் உசுரோடுதான் இருக்கிறாள். அந்த உத்தரவாதத்தையும் தாங்கள் அடித்துவிடவும்.

ஜிஷா ஒரு தட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்தாள். அடியில் தங்கள் பேர் வந்தது. "அப்பா, இது எந்தா எழுதியிருக்கு?" என்று ஓடிவந்தாள். நான் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இரண்டாவது தடவை வாங்கினாள், பேர் மூழ்கியது. குடித்தாள், பேர் வந்தது. மற்ற ஐந்து தட்டையும் பிடித்த பிள்ளைகளும் அவளோடு போட்டி போட்டுக் குடிக்க, யார் தட்டில் முதலில் மாமன் வெளியே வருகிறான் என்று பெரிய ரகளை. இப்போது தங்களுக்கு இங்கே 'அரி மாமன்', அதாவது அரிசி மாமன் என்று பேர். மூன்றாவது தடவை அடி தெரிந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, அவளே படித்துவிட்டாள். பத்து நாள் சிலேட்டால் முடியாததைக் கஞ்சி செய்துவிட்டது.

ஆகவே மேலே சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பள்ளிக்கூடம் உள்ள நாளாகப் பார்த்து அவசியம் காரிலேயே வரவும். திரும்பிப் போகும்போது காரில் ஜிஷாவுக்கு இடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. வரிசையில் நின்று ஒரு தட்டுக் குடித்துவிட்டு, அதற்கப்புறம் தாங்களே முடிவு சொல்லுங்கள். மூட்டை கொண்டுவருவதானால் பொன்னி வேண்டாம், முரட்டு அரிசி. தட்டு இரண்டு வேண்டும். ஒன்று அவளுக்குத் தாங்கள் பாக்கி, இன்னொன்று தாங்கள் குடிக்க, ஏனென்றால் இந்த ஆறையும் இனிப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

கீழே இருப்பது ஜிஷா கைப்பட எழுதியது, தட்டை மடியில் வைத்துப் பார்த்து எழுதினாள். அவள் எழுதிய முதல் தமிழ். நடுவில் உள்ள புள்ளி அவள் வைத்தது. கடைசி எழுத்தின் மேல் இருப்பது புள்ளி இல்லை, அவள் விரலில் இருந்து ஒட்டிய பயறு. எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உதிராமல் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

நல்லசிவம்